பிறவிக் குறையா, பட்ட காயமா?

முதலாம் ராஜராஜன் (985–1014) காலத்துச் செப்புக்காசு தஞ்சை வட்டாரத்தில் அபூர்வமான பொருள் அல்ல. ஆற்று மணலில் அகப்படும். பழைய ஊர்மேட்டில் மழை ஓய்ந்த மறுநாள் மேலே கிடக்கும். வீடு கட்டக் கடைக்கால் தோண்டும்போது மண்ணோடு மண்ணாக வரும். சாதாரண நிலையில் உள்ள ஒன்றை நாணயக் கண்காட்சியில் சில நூறு ரூபாய்க்கு வாங்கிவிடலாம். அதே மன்னன், அதே செம்பு, அதே எடை கொண்ட இன்னொரு காசுக்குப் பல மடங்கு விலை சொல்வார்கள். மூன்றாவது ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, பேசாமல் திருப்பித் தந்துவிடுவார்கள். மூன்றுக்கும் வயது ஆயிரம் ஆண்டுதான். பிறகு வித்தியாசம் எங்கிருந்து வருகிறது?

தேய்மானத்திலிருந்து என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். அது பாதி விடை. மீதிப் பாதி, அந்தக் காசு சம்மட்டிக்கடியில் பிறந்த நொடியில் இருக்கிறது. காசிலுள்ள குறைகளை இரண்டு கூறாகப் பிரிக்க வேண்டும். அச்சடிக்கும்போதே வந்தது பிறவிக் குறை. பிற்பாடு கையும் மண்ணும் நீரும் உடைமையாளரும் சேர்ந்து உண்டாக்கியது காயம். பிறவிக் குறை, காசு எப்படிச் செய்யப்பட்டது என்பதற்குச் சாட்சி சொல்கிறது. காயம் அந்தச் சாட்சியை அழிக்கிறது. இவ்விரண்டையும் பிரித்தறியத் தெரிந்தால் தரமும் விலையும் தானாகப் புரியும்.

ஒரு காசை உற்றுப் பார்ப்போம்

ராஜராஜன் காசு ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ நான்கு கிராம் எடை, இரண்டு சென்டிமீட்டர் விட்டம். ஒருபுறம் நிற்கும் மனித உருவம். கையும் காலும் இடையுடையும் தடித்த கோடுகளாகவே அமைந்திருக்கும். மறுபுறம் அமர்ந்த உருவம். அதன் கைக்கருகே நாகரி எழுத்தில் ‘ஸ்ரீ ராஜராஜ’. இரண்டு பக்கத்திலும் ஓரத்தைச் சுற்றிப் புள்ளி வளையம். பிற்காலத்தில் பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு, லீலாவதி போன்றோரின் செப்புக்காசுகளிலும் இதே நின்ற உருவத்தையும் அமர்ந்த உருவத்தையும் காணலாம்.

இப்போது பூதக்கண்ணாடி. இந்த வகைக் காசுகளில் வழக்கமாகக் கண்ணில் படுபவை இவை: புள்ளி வளையம் ஒரு பக்கத்தில் மட்டும் தெரிகிறது, எதிர்ப்பக்கத்தில் காணோம். கடைசி எழுத்து காசுக்கு வெளியே போய்விட்டது. ஓரத்தில் உள்நோக்கி ஒரு வெடிப்பு. நின்ற உருவத்தின் முகம் மழுங்கியிருக்கிறது, ஆனால் கால் கூர்மையாக இருக்கிறது. தோளிலிருந்து ஓரம்வரை மயிரிழை போல ஒரு மேட்டுக்கோடு. வயிற்றருகே இரண்டு கீறல். பள்ளங்களில் பச்சைக் களிம்பு.

மொத்தம் ஏழு அடையாளங்கள். இவற்றில் முதல் ஐந்தும் அக்கசாலையிலேயே வந்தவை என்று சொன்னால் பலருக்கு வியப்பாக இருக்கும். அவை எப்படி வந்தன என்று பார்க்க, சம்மட்டி விழும் இடத்துக்குப் போக வேண்டும்.

சம்மட்டிக்கும் பட்டடைக்கும் நடுவில்

கையால் காசடிக்க மூன்று பொருள்கள் வேண்டும். ஒன்று, பட்டடையில் பதித்த கீழ் அச்சு. இரண்டு, கையில் பிடிக்கும் மேல் அச்சு. மூன்று, இரண்டுக்கும் நடுவே வைக்கும் வெற்று வில்லை. அச்சில் உருவம் குடைந்து பள்ளமாக இருக்கும். அடி விழுந்ததும் செம்பு அந்தப் பள்ளத்துக்குள் ஏறி உருவம் மேடாக எழும்பும்.

செம்பு உருகும் வெப்பம் 1085 டிகிரி செல்சியஸ். காசடிப்பில் அது உருகுவதே இல்லை. திட நிலையிலேயே நகர்கிறது. உலோகம் என்பது நுண்ணிய படிகங்களின் கூட்டம். அடி விழும்போது படிகங்களுக்குள் அணு அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி நகரும். அந்த வழுக்கலுக்கு வழிவிடுபவை படிகத்திலுள்ள வரிப் பிசகுகள். அடிக்க அடிக்க இந்தப் பிசகுகள் பெருகி, ஒன்றோடொன்று சிக்கி, நகர முடியாமல் நின்றுவிடும். அப்போது செம்பு கெட்டிப்படும். பாத்திரம் தட்டுகிற கன்னாருக்கு இது கைப்பழக்கமாகவே தெரியும்: தட்டத் தட்ட விறைப்பேறினால் பழுக்கக் காய்ச்சி, மறுபடி இளக்கிக்கொள்வார். வெப்பத்தில் சிக்கலான பழைய படிகங்கள் போய்ப் புதிய படிகங்கள் முளைக்கின்றன. செம்பு மீண்டும் மென்மையாகிறது.

வில்லையைச் சரியாகக் காய்ச்சாமல் அச்சுக்கு அனுப்பினால் ஓரம் வெடிக்கும். கை அச்சடிப்பில் ஓரத்தைத் தாங்கிப் பிடிக்க வளையம் கிடையாது. அடி விழுந்ததும் உலோகம் எல்லாத் திசையிலும் பிதுங்கும், விட்டம் பெருகும், வெளி ஓரம் இழுபடும். ஈரம் போதாத மாவில் அதிரசம் தட்டும்போது நடுவில் ஒன்றும் ஆகாமல் ஓரம் மட்டும் வெடிக்கிறதே, அதே இயற்பியல்தான். அதனால்தான் காசின் வெடிப்பு எப்போதும் ஓரத்தில் தொடங்கி மையத்தை நோக்கிப் போகிறது. மையத்தில் தொடங்கும் வெடிப்பைப் பார்த்தால் வேறு காரணம் தேட வேண்டும்.

எல்லா உலோகமும் இப்படி நடந்துகொள்வதில்லை. தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் 1620-ல் ஒப்பந்தம் செய்துகொண்டு தரங்கம்பாடியில் கோட்டை கட்டிய டேனிஷ்காரர்கள், அங்கே ஈயத்தில் காசடித்தார்கள். ஈயம் 327 டிகிரியிலேயே உருகிவிடும் உலோகம். சாதாரண அறை வெப்பமே அதன் படிகங்கள் புதிதாக முளைக்கப் போதும். ஆகவே எத்தனை அடி அடித்தாலும் அது கெட்டிப்படாது. செம்பைப் போல் வெடிக்கவும் வெடிக்காது. ஆனால் அந்த மென்மையே அதற்கு எமன். பை குலுங்கினாலும் உருவம் நசுங்கும். தரங்கம்பாடி ஈயக்காசில் கூர்மையான உருவம் இருந்தால் சேகரிப்பாளர்கள் அதைத் தனியாக மதிப்பது இதனால்தான்.

குறைகள் எப்படிப் பிறக்கின்றன

மையம் விலகுவதுதான் அடிக்கடி காணும் குறை. வில்லையை அச்சின் நடுவில் வைக்கும் பொறுப்பு ஒருவனின் விரல்களுக்கு. ஒரு நாளில் அவன் வைக்க வேண்டிய வில்லைகளோ ஏராளம். போதாததற்கு, தென்னாட்டில் அச்சு பெரிதாகவும் வில்லை சிறிதாகவும் இருப்பது வழக்கம். நாயக்கர் காலத்துச் சிறு செப்புக்காசுகள் பலவற்றில் அச்சின் முழு உருவமும் விழ இடமே இல்லை. எனவே ஒரு காசில் தலை இருக்கும், கால் இராது. இன்னொன்றில் எழுத்தின் தொடக்கம் இருக்கும், முடிவு இராது.

இதில் ஆராய்ச்சிக்கு ஒரு நன்மை இருக்கிறது. ஒரே அச்சில் அடித்த பத்துக் காசுகள் பத்து விதமாக விலகியிருந்தால், ஒவ்வொன்றும் அச்சின் வெவ்வேறு பகுதியைப் பிடித்து வைத்திருக்கும். பத்தையும் படம்பிடித்து ஒன்றன்மேல் ஒன்று பொருத்தினால், எந்தக் காசிலும் முழுமையாக இல்லாத எழுத்துவரி முழுமையாகக் கிடைக்கும். தனித்தனியே பார்த்தால் கழிவாகத் தெரிந்தவை, சேர்ந்து ஒரு சாசனமாகின்றன.

அடுத்தது அடி போதாமை. இதை விளங்கிக்கொள்ள ஒரு கணக்குப் போதும். வில்லையில் இருக்கும் செம்பு ஓர் அளவுதான். ஒரு பக்க அச்சில் ஆழமான பள்ளம் இருக்கும் இடத்துக்கு நேர் எதிரே மறுபக்க அச்சிலும் ஆழமான பள்ளம் வந்தால், இரண்டும் ஒரே செம்பைக் கேட்கும். அடி சற்றுக் குறைந்தாலும் இரண்டு பக்கமும் நிரம்பாது. நமது காசில் முகம் மழுங்கிக் கால் கூர்மையாக இருந்ததன் காரணம் இதுவாகலாம். தேய்மானமாக இருந்தால் மேடான பகுதி எல்லாமே சேர்ந்து தேய்ந்திருக்கும். ஓரிடம் மட்டும் மழுங்கி, பக்கத்தில் உள்ள புள்ளி வளையம் புதிதாக நிற்காது.

இரட்டை அடி என்பது, முதல் அடியில் வில்லை துள்ளித் திரும்பி, இரண்டாவது அடி வேறு கோணத்தில் விழுவது. உருவத்துக்கு நிழல்போல் இன்னொரு உருவம் தெரியும். இதே தோற்றம் தரும் வேறொன்றும் உண்டு: பழைய காசின் மேலேயே புதிய அச்சைப் பதிப்பது. சென்னை மாகாணத்துக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளியிட்ட அரை வராகன் வெள்ளிக்காசுகள் பலவற்றில், கோபுர உருவத்துக்கு அடியில் ஸ்பானிய வெள்ளி டாலரின் எழுத்தும் முகமும் அரைகுறையாகத் தெரியும். அது பிழையில் சேராது. மெக்சிகோவிலும் பெருவிலும் வெட்டிய வெள்ளி சென்னைக்கு வந்து மறுபிறப்பு எடுத்ததற்கு அதுவே ஆவணம்; தெளிவாகத் தெரிந்தால் விலையும் கூடும்.

இந்தக் குடும்பத்தில் மிக விநோதமானது பிராக்கேஜ். அடித்த காசு மேல் அச்சிலேயே ஒட்டிக்கொண்டுவிடுகிறது. அடிப்பவன் கவனிக்கவில்லை. அடுத்த வில்லையை வைத்து அடிக்கிறான். இப்போது வில்லையின் கீழ்ப்பக்கத்தில் கீழ் அச்சின் உருவம் வழக்கம்போல் மேடாக விழுகிறது. மேல்பக்கத்தில், ஒட்டிக்கொண்ட காசின் முகம் பதிகிறது. அதுவும் கீழ் அச்சில் பிறந்த முகம்தான். விளைவு: இரண்டு பக்கத்திலும் ஒரே உருவம். ஒருபுறம் மேடு, எழுத்து நேர். மறுபுறம் பள்ளம், எழுத்து கண்ணாடியில் பார்த்ததுபோல் இடவலம் மாறி. இந்திய நாணயச் சந்தையில் இதை ‘லாக்கி’ என்கிறார்கள். கையால் அடித்த பழங்காசில் விலையைக் குறைக்காமல் கூட்டுகிற ஒருசில குறைகளில் இதுவும் ஒன்று. அடித்தவனின் ஒரு நொடிக் கவனப்பிசகு அப்படியே உலோகத்தில் நிற்கிறது.

மேடா, பள்ளமா

பிறவிக் குறையையும் காயத்தையும் பிரிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. அச்சு, காசுக்கு நேர் எதிரானது. அச்சில் விழுந்த விரிசல் ஒரு பள்ளம். அதற்குள் செம்பு ஏறினால் காசில் அது மேட்டுக்கோடாகத்தான் வரும். நமது காசில் தோளிலிருந்து ஓடிய மயிரிழைக்கோடு அப்படிப்பட்டது: உடையத் தொடங்கிய அச்சின் கையெழுத்து. துருப்பிடித்த அச்சு காசில் சிறுசிறு கொப்புளங்களாகத் தெரியும். மாறாக, காசில் பின்னாளில் விழுந்த கீறல் பள்ளமாக இருக்கும். மண்ணின் உப்பு அரித்த இடமும் பள்ளமாகவே இருக்கும்.

மேடு என்றால் அச்சு, பள்ளம் என்றால் பின்னாள் வினை. இது முதல் வடிகட்டிதான். அச்சுக்கும் வில்லைக்கும் நடுவே தூசியோ உலைக் கரியோ மாட்டினாலும் காசில் பள்ளம் விழும். காய்ச்சிய செம்பின் மேல் கறுப்பு ஆக்சைடு செதிலாக நிற்கும். அதைத் துடைக்காமல் அடித்தால் செதில் உள்ளே அமுங்கி, உதிர்ந்தபின் குழி தெரியும். அத்தகைய பிறவிப் பள்ளத்தின் அடிப்பகுதியும், சுற்றியுள்ள பரப்பும் ஒரே பழங்களிம்பு பூசியிருக்கும். புதிய கீறலின் அடியில் செம்பு சிவந்து பளிச்சிடும்.

வெடிப்பு சொல்லும் துப்பு

பிறவிக் குறைகளுக்குள்ளும் இரண்டு சாதி உண்டு. இதை அறிந்தவர்களே போலியைப் பிடிக்கிறார்கள்.

அச்சின் குறை, அந்த அச்சில் பிறந்த எல்லாக் காசுக்கும் பொது. விரிசல்கோடு ஒரு காசில் இருந்தால் அதன் உடன்பிறப்புகளிலும் இருக்கும். நாள் ஆக ஆக விரிசல் நீளும். ஆகவே குட்டைக் கோடு உள்ள காசு முந்தியது, நீண்ட கோடு உள்ளது பிந்தியது என்று வரிசைப்படுத்தலாம். தேதியே இல்லாத காசுகளுக்கு இப்படி முன்பின் கிடைக்கிறது.

வில்லையின் குறை அப்படியல்ல. ஓரவெடிப்பின் வடிவம், மையம் விலகிய அளவு, வட்டத்தின் கோணல் எல்லாம் அந்த ஒரு காசுக்கே உரியவை. இரண்டு காசுகளில் ஒரே இடத்தில், ஒரே வடிவில் ஓரவெடிப்பு இருந்தால் ஒன்றாவது வார்ப்புப் போலி. பெரும்பாலும் இரண்டுமே போலி. உண்மைக் காசை வைத்து வார்ப்பச்சு எடுத்தவன், அதன் வெடிப்பையும் சேர்த்தே நகலெடுத்துவிடுகிறான். வார்ப்புக் காசில் சிறு காற்றுக்குமிழிகளின் குழிகளும் இருக்கும். அடி விழும்போது செம்பு ஓரத்தை நோக்கி ஓடிய ஓட்டக்கோடுகள் இராது. சந்தேகம் தீராவிட்டால் நீரில் அமிழ்த்தி எடைபோட்டு அடர்த்தி பார்க்கலாம். செம்புக்கு ஒரு கன சென்டிமீட்டருக்கு 8.96 கிராம், வெள்ளிக்கு 10.5, ஈயத்துக்கு 11.34, பொன்னுக்கு 19.3. மாற்று உலோகம் இந்தக் கணக்கில் தப்பாது.

அச்சுகளை எண்ணினால் இன்னும் பெரிய கேள்விக்கு விடை கிடைக்கும்: ஒரு மன்னன் அடித்த காசுகளில் எவ்வளவு பகுதியை நாம் பார்த்திருக்கிறோம்? இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியர்களின் மறைகுறியை உடைத்துக்கொண்டிருந்தபோது ஆலன் டூரிங் கண்ட ஒரு புள்ளியியல் கருத்தை, அவருடன் பணியாற்றிய ஐ. ஜே. குட் 1953-ல் வெளியிட்டார். நாணயவியலார் அதை அச்சுகளுக்குப் பொருத்துகிறார்கள். உதாரணமாக, நம்மிடம் 100 காசுகள். அவற்றை அச்சுவாரியாகப் பிரிக்கிறோம். ஒரே ஒரு காசில் மட்டும் தென்பட்ட அச்சுகள் 20 என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அடுத்துக் கிடைக்கும் காசு இதுவரை பாராத அச்சில் அடித்ததாக இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ நூற்றுக்கு 20. அதாவது, அந்த வெளியீட்டின் எண்பது விழுக்காட்டுக் காசுகளைத் தந்த அச்சுகளை நாம் ஏற்கெனவே பார்த்துவிட்டோம். இந்தக் கணக்குக்கு அழகான காசு தேவையில்லை. அச்சை அடையாளம் காட்டும் ஒரு விரிசல், ஒரு கொப்புளம் தெரிந்தால் போதும்.

தரம் போடும் கலை

காசைத் தரம் பார்ப்பது நேற்று வந்த பழக்கம் அல்ல. சோழர் கல்வெட்டுகளில் ‘அன்றாடு நற்காசு’ என்று குறித்தே தொகை எழுதுவார்கள். அன்றைக்குச் செல்லுபடியாகும், குறையில்லாத காசு தர வேண்டும் என்பது நிபந்தனை. ‘தீப்போக்குச் செம்பொன்’ என்றால் நெருப்பில் இட்டுச் சோதித்த பொன். தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கொடுத்த பொன்னை ‘ஆடவல்லான்’ என்னும் எடைக்கல்லால் நிறுத்ததாகக் கல்வெட்டே சொல்கிறது. பிற்காலத்தில் சராபுகள் காசைத் தட்டி ஒலி கேட்டு, நிறுத்துப் பார்த்து, தேய்ந்த காசுக்கு வட்டம் பிடித்தார்கள். அவர்களுடைய அக்கறை உலோகத்தின் அளவும் தூய்மையும். முகம் மழுங்கியிருப்பதோ மையம் விலகியிருப்பதோ அவர்களுக்குப் பொருட்டில்லை.

சேகரிப்பாளரின் அளவுகோல் வேறு. வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1949-ல் பழைய அமெரிக்கச் செப்பு சென்ட்டுகளுக்காக 1 முதல் 70 வரை ஒரு மதிப்பெண் முறை வகுத்தார். 70 மதிப்பெண் பெற்ற காசு, 1 மதிப்பெண் காசைப் போல் எழுபது மடங்கு விலை பெற வேண்டும் என்பது அவர் போட்ட கணக்கு. விலைக்கணக்கு விரைவிலேயே பொய்த்தது. அளவுகோல் மட்டும் உலகெங்கும் நிலைத்துவிட்டது. இந்தியச் சந்தையில் புழங்கும் ஃபைன், வெரி ஃபைன், எக்ஸ்ட்ராஃபைன் என்ற படிகளும் அடிப்படையில் தேய்மானத்தின் படிகளே.

இங்கேதான் சிக்கல். இயந்திரக் காசுக்குத் தேய்மானம் ஒன்றே போதுமான அளவுகோல். ஏனென்றால் பிறக்கும்போது எல்லாம் ஒன்றுபோல் பிறந்தவை. ராஜராஜன் காசுக்கு அது போதாது. சந்தையில் ஒரு நாள்கூடப் புழங்காத காசாக இருக்கலாம். ஆனால் அரைகுறை அடியில், பாதி எழுத்தோடு பிறந்திருக்கலாம். தேய்மானத்தின்படி அது உயர்ந்த தரம். கண்ணுக்கோ பாதிக்காசு. இந்த முரணைத் தீர்க்க, என்ஜிசி என்ற அமெரிக்கத் தரநிறுவனம் தொன்மைக் காசுகளுக்கு மூன்று தனித் தீர்ப்புகள் தருகிறது: தேய்மானத்துக்கு ஒரு படி, அடியின் நேர்த்திக்கு ஐந்துக்கு இத்தனை, பரப்பின் நிலைக்கு ஐந்துக்கு இத்தனை. மையம் விலகலும் அடி போதாமையும் இரண்டாவது கணக்கில் சேரும். அரிப்பும் கீறலும் மூன்றாவதில்.

நமது காசை இப்படி மதிப்பிட்டால் என்ன வரும்? புள்ளி வளையம் புதிதாக நிற்பதால் தேய்மானம் குறைவு. அதற்கு நல்ல படி. விலகல், வெடிப்பு, மழுங்கல் மூன்றும் சேர்ந்து அடிக்கு நடுத்தர மதிப்பெண். விரிசல்கோட்டுக்குக் கழிவே தேவையில்லை. கீறல்கள் பரப்பில் கொஞ்சம் குறைக்கும். களிம்பு நிலையாக, அடர்த்தியாக இருந்தால் குறையே அல்ல. ஒற்றை எண்ணில் சொல்லியிருந்தால் இவ்வளவும் மறைந்துபோயிருக்கும்.

விலை இன்னும் ஒரு படி தள்ளி நிற்கிறது. அதிகமாகக் கிடைக்கும் காசில் சிறு குறையும் விலையைப் பாதியாக்கும், ஏனெனில் வாங்குபவருக்கு இதைவிட நல்லது நாளை கிடைக்கும். அபூர்வமான காசில் பெரிய குறையும் பொருட்டல்ல. எந்த எழுத்து இருக்கிறது என்பதும் முக்கியம். வெறும் இடத்தில் விழுந்த வெடிப்பை மன்னிப்பார்கள். மன்னன் பெயரில் விழுந்த வெடிப்பை மன்னிக்கமாட்டார்கள்.

காயத்திலும் மதிப்புள்ள காயம் உண்டு என்பதற்குச் சான்று அருகிலேயே இருக்கிறது. புதுக்கோட்டை சமஸ்தானத்துக் கருக்காக்குறிச்சியில் 1898-ல் 501 ரோமானியப் பொற்காசுகள் கொண்ட புதையல் கிடைத்தது. பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைமீது உளியால் வெட்டிய தழும்பு இருந்தது. தேய்ந்த காசுகள் மீண்டும் காசாகப் புழங்காமல் இருக்கவே இப்படி வெட்டினார்கள் என்பது ஆய்வாளர்கள் முன்வைக்கும் விளக்கங்களுள் ஒன்று. கண்காட்சித் தரம் போடுபவருக்கு அது சேதம். வரலாற்றாசிரியருக்கு, இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் நம் மண்ணில் ரோமானியக் காசைக் கையாண்டவர்களின் கைத்தடம்.

இயந்திரம் வந்தபின் தலைகீழான கணக்கு

1799-ல் தஞ்சையின் ஆட்சிப் பொறுப்பு சரபோஜியிடமிருந்து கம்பெனியின் கைக்குப் போனது. அதையொட்டிய ஆண்டுகளிலேயே சென்னை மாகாணத்துக்கான செப்புக்காசுகள் இங்கிலாந்தின் பர்மிங்காமில், மேத்யூ போல்டனின் சோஹோ ஆலையில் நீராவி இயந்திரத்தில் அச்சாகி வரத் தொடங்கின. வில்லையைச் சுற்றி உறுதியான வளையம். உலோகம் பிதுங்க வழியில்லை. ஓர வெடிப்பும் மையம் விலகலும் ஏறத்தாழ ஒழிந்தன. 1808 என்று ஆண்டு பொறித்த 10 காசு, 20 காசு நாணயங்களை ஏற்றி வந்த அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கியது. 1980-களில் அந்தக் காசுகளை மேலே கொண்டுவந்தார்கள். ஒரே ஆலை, ஒரே ஆண்டு, ஒரே அடி. உப்புநீர் பட்டவை அரித்துப்போயிருந்தன. பீப்பாய்க்குள் நெருக்கமாக அடைந்து கிடந்தவை அச்சிலிருந்து விழுந்தபடியே இருந்தன. இங்கே விலை வேறுபாடு முழுக்க முழுக்கக் காயத்தால் வந்தது, பிறவியால் அல்ல.

குறை அரிதானதும் குறைக்கே விலை பிறந்தது. ராஜராஜன் காசில் மையம் விலகினால் விலை இறங்கும். இன்றைய ஒரு ரூபாயில் மையம் விலகினால் விலை ஏறும். முன்னதில் விலகல் வழக்கம், நேர்த்தி அபூர்வம். பின்னதில் நேர்த்தி வழக்கம், விலகல் அபூர்வம். சந்தை இரண்டு இடத்திலும் அபூர்வத்துக்கே பணம் கொடுக்கிறது.

அபூர்வம் என்றதும் ஏமாற்றும் வந்துவிடும். ஒரு காசை இன்னொரு காசோடு சேர்த்து இடுக்கியில் நெருக்கி ‘லாக்கி’ என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். கண்டுபிடிப்பது எளிது. உண்மையான பிராக்கேஜில் பள்ளமான பக்கத்தில் அந்தப் பக்கத்துக்குரிய உருவம் பிறந்தே இருக்காது. நெருக்கிய காசில் பழைய உருவம் நசுங்கி, பள்ளத்துக்கு அடியில் இன்னும் தெரியும். சாதாரணக் காசுகளுக்கு லட்சக்கணக்கில் விலை தருவதாக இணையத்தில் வலைவிரிப்பவர்கள் வேறு. தன் பெயரைச் சொல்லிப் பழைய நோட்டு, நாணய வியாபாரத்தில் கட்டணம் பறிப்பவர்களை நம்ப வேண்டாம் என்று 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே எச்சரிக்கை விட வேண்டியிருந்தது.

மண் கொடுத்ததைப் புளி எடுத்துவிடும்

டெல்டாவின் காசுகளுக்கு மிகப் பெரிய கேடு அக்கசாலையிலும் நேரவில்லை, சந்தைப் புழக்கத்திலும் நேரவில்லை. கிடைத்த அன்றைக்கு வீட்டில் நேருகிறது.

மண்ணுக்குள் செம்பு முதலில் சிவந்த ஆக்சைடாகவும், அதற்கு மேல் காற்றும் நீரும் சேர்ந்து பச்சைக் கார்பனேட்டாகவும் மாறுகிறது. கெட்டியாகப் படர்ந்த இந்தக் களிம்பு கேடு இல்லை. உருவத்தின் நுட்பமெல்லாம் பல காசுகளில் அந்தக் களிம்புப் படலத்திலேதான் நிற்கிறது. அடியிலுள்ள செம்பு கரடுமுரடாகிவிட்டது. இதை அறியாமல், குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் புளியும் உப்பும் போட்டுத் தேய்க்கிறார்கள். புளியின் டார்டாரிக் அமிலம் களிம்பைக் கரைத்துவிடும். களிம்போடு எழுத்தும் போகும். மிஞ்சுவது குழிவிழுந்த, இயற்கைக்கு மாறாகச் சிவந்த தகடு. உப்பிலுள்ள குளோரைடு அந்தக் குழிகளில் தங்கி, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து செம்பைத் தொடர்ந்து தின்னும். வெளிர்பச்சைப் பொடி பூத்தால் அந்த நோய் தொடங்கிவிட்டது என்று பொருள். நாகையும் தரங்கம்பாடியும் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று இதை இன்னும் விரைவுபடுத்தும்.

ஈயக்காசுக்கு எதிரி வேறு. புது மரப்பெட்டியிலிருந்து கசியும் அசெட்டிக் அமில ஆவியே அதை வெள்ளைப் பொடியாக்கப் போதும். மலிவான பிவிசி பிளாஸ்டிக் உறைகள் நாளடைவில் அமிலம் விட்டுச் செப்புக்காசில் பசைபோல் பச்சை படியச் செய்யும். பாதுகாப்பாக வைக்கிறோம் என்று எண்ணியே நாம் செய்யும் கேடுகள் இவை.

அக்கசாலைக்காரன் செய்த பிழையை எந்தத் தரநிர்ணயக்காரரும் ஓரளவு மன்னிப்பார். வெடிப்புக்கும் விலகலுக்கும் பொருள் சொல்ல முடியும். அவற்றிலிருந்து ஒரு பட்டறையின் வேலைமுறையையே மீட்டெடுக்க முடியும். தேய்த்தழித்த காசிலிருந்து எதையும் மீட்க முடியாது. தரப்படிவத்தில் அதற்கு எதிரே விழும் குறிப்பு, பிறவிக் குறைகள் அனைத்தும் சேர்ந்து குறைப்பதைவிட அதிகமாக விலையைக் குறைத்துவிடும்.

ஆகவே டெல்டாவில் நிலம் வைத்திருப்பவர்களுக்கும் வீடு கட்டுபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். காசு கிடைத்தால் தேய்க்காதீர்கள், அமிலம் வைக்காதீர்கள், கம்பியால் சுரண்டாதீர்கள். மண்ணோடு உலரவிட்டு, எந்த ஊர், எந்த இடம், எவ்வளவு ஆழம், கூட என்ன கிடைத்தது என்று ஒரு சீட்டில் எழுதிச் சேர்த்து வையுங்கள். மொத்தமாகப் புதையல் கிடைத்தால் 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். நூறாண்டு கடந்த காசை நாட்டுக்கு வெளியே கொண்டுபோவதை 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது. சேகரிப்பாளர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: பாதி எழுத்துள்ள காசைக் கழிவென்று ஒதுக்காதீர்கள். அதைப் படம்பிடித்து, எடையும் விட்டமும் குறித்து வையுங்கள். அந்த எழுத்தின் மறுபாதி வேறொருவரின் பெட்டியில் இருக்கலாம்.